மூன்றாம் லைன் காற்று

திருப்பூர் முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஷமீமா ஒரு பொய் சொன்னாள். பதினொன்றரைக்குள் அந்தப் பொய் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னவளிடமே திரும்பி வந்தது. வந்தபோது பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்திருந்தது.

அவள் வந்த வேலை என்னவோ சாதாரணமானதுதான். தையல் மெஷின்களில் நூலை வெட்டும் ட்ரிம்மர், பட்டன் மெஷின், கறை எடுக்கும் கன் எல்லாம் கம்ப்ரெஸர் காற்றில் ஓடுபவை. காற்று போகும் குழாய்களில் எங்கெங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து, அங்கங்கே சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போக வேண்டும். திருப்பூர் ராயபுரத்துப் பெண். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்தவள். இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷத்தில் எந்தக் கம்பெனியிலும் முதல் கேள்வி மாறியதில்லை. இங்கேயும் மேனேஜர் மயில்சாமி அதையேதான் கேட்டார்.

"சார் வரலீங்களா அம்மிணி?"

"எந்த சாருங்க?"

"செக் பண்றவரு."

"நாந்தானுங்க அது."

மயில்சாமிக்கு ஐம்பத்து மூன்று வயது. சட்டைப் பையில் மூன்று பேனா, கழுத்தில் ஒரு விசில். மனுஷன் பேசினாலும் விசில் அடிப்பது போலத்தான் இருக்கும். அவள் பெட்டியைத் திறந்து கருவியை எடுத்ததும் ஒரு அடி பின்னால் போனார். கறுப்பாக, துப்பாக்கி மாதிரி பிடி. முனையில் ஒரு கூம்பு. அதிலிருந்து ஒரு ஒயர் பெரிய ஹெட்போனுக்குப் போனது.

"காத்து எங்க போகுதுன்னு பாக்கறதுக்கு இவ்வளவு சாமானமா? சோப்புத் தண்ணியத் தொட்டு வெச்சா நொரை வருது. நான் முப்பது வருசமா அப்படித்தான் பாக்கறேன். சரி சரி, மொதலாளி சொல்லிட்டாரு. ஆனா ஒண்ணு, லைனை நிறுத்த மாட்டேன். இந்தச் சத்தத்துல உனக்கு என்ன கேட்டுக் கிழிக்குமோ, அது உன் பாடு."

நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போய்விட்டார்.

மனுஷக் காதுக்கு ஒரு எல்லை இருக்கிறது. வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேலே போனால் நமக்கு அது வெறும் மௌனம். வௌவாலுக்கோ அங்கேதான் ஊர் உலகமே. குழாயில் ஊசிமுனை ஓட்டை வழியாகக் காற்று பீறிடும்போது அந்த உயரத்தில் நின்றுகொண்டு கத்துகிறது. ஷமீமாவின் கருவி அந்தக் கத்தலைப் பிடித்து, நம் காதுக்கு எட்டும் அளவுக்கு இறக்கி, ஹெட்போனில் 'ஸ்ஸ்ஸ்' என்று கொடுக்கும். மெஷின் சத்தம், ஃபேன் சத்தம், ஸ்பீக்கரில் பாட்டு, மேனேஜர் போடும் கூச்சல் எல்லாம் கீழ்த்தட்டுச் சத்தங்கள். கருவி அவற்றைச் சட்டையே செய்யாது. இருநூறு மெஷின் ஓடும் ஹாலில் அவள் காதுக்குள் மட்டும் நடுப்பகல் மசூதி போல அமைதியாக இருக்கும்.

அந்த அமைதியில் அவள் குழாய் குழாயாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அயர்னிங் மாஸ்டர் இசக்கிமுத்து தோளைத் தட்டினார். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். திருப்பூருக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் பஸ் ஏறவில்லை.

"ஏம்மா, காதுல என்னமோ மாட்டிக்கிட்டு ரெண்டு நாழியா இந்தச் செவுத்தையே பாத்துக்கிட்டு நிக்கிய. அங்கன என்ன கேக்குது?"

விளக்கியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து "சார் வரலையா" என்று நாலு பேர் கேட்டிருந்தார்கள். அவள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"செவுத்துக்கு அந்தப் பக்கம் பேசறாங்கல்லீங்க, அதான்."

"பேசுதது கேக்குமா? இம்புட்டு எரைச்சல்லயா?"

"மெல்லப் பேசினாத்தாங்க நல்லாவே கேக்கும்."

இசக்கிமுத்து கையிலிருந்த அயர்ன் பாக்ஸை ஸ்டாண்டில் வைத்தார். அப்புறம் திரும்பி நேராக பேக்கிங் பக்கம் நடந்தார்.

டீ நேரத்தில் அவள் கப்பை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பதினொன்றரைக்கு முதல் ஆள் வந்தாள்; செக்கிங்கில் இருக்கும் செல்லாத்தாள், நாற்பது வயது.

"கண்ணு, போன வெள்ளிக்கெழம நான் லீவு போட்டனே, வெள்ளகோவில்ல துக்கம்னு... துக்கமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சினிமாவுக்குப் போனோமுங்க, காலைல அதைத்தான் பேசிட்டிருந்தோம். அதை மேனேஜர்கிட்ட..."

"சொல்ல மாட்டேனுங்க. படம் நல்லா இருந்துச்சா?"

"எங்கத்த. எடவேளையிலயே வந்துட்டோம்."

அடுத்தது கட்டிங் மாஸ்டர் பிரதீப். மைக்கில் மேனேஜர் குரலில் "மூணாவது டேபிள் டீக்குப் போலாம்" என்று வாரம் ஒரு தடவை அறிவிப்பது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். அவள் கேட்டதற்காக ஒரு தடவை பேசியும் காட்டினான். அச்சு அசல். பிறகு பீகாரிலிருந்து வந்திருந்த இரண்டு பேர், இந்த மெஷினுக்கு எந்தெந்த பாஷை தெரியும் என்று விசாரித்தார்கள். ஹிந்தி வரைக்கும் வரும், போஜ்புரி வராது என்று ஷமீமா சொன்னாள். அன்று முழுக்க அவர்கள் இருவரும் போஜ்புரியில் பிளந்து கட்டினார்கள்.

ஷமீமாவுக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது. வீட்டுக்குப் போனதும் அத்தாவிடம் சொல்ல ஒரு மூட்டை கதை சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

தண்ணீர்க் குழாய் அருகே டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். இருபத்து நாலு வயது இருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப், விரல் நுனிகளில் நீலச் சாயம். மூன்றாம் லைன் டெய்லர், பெயர் கோமளா. அவள் கையில் சோறு அப்படியே இருந்த பாத்திரம் குழாயில் இடித்து இடித்து 'டிங் டிங்' என்றது.

"மேடம், நான் காலைல பாத்ரூம்ல பேசினது உங்களுக்குக் கேட்டிருக்கும். வேற கம்பெனிக்குப் போயிரலாம்னு சொன்னனுங்க. மேனேஜரையும் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். எங்கம்மாவும் இங்கதான் மேடம் செக்கிங்குல இருக்குது. என்னைய வேணும்னா அனுப்பிருங்க, அதை ஒண்ணும் பண்ணீராதீங்க."

சினிமாவுக்குப் போனவளும் மைக்கில் மிமிக்ரி செய்தவனும் வந்து சொன்னது ஒரு விளையாட்டு. இது விளையாட்டில்லை. இந்தப் பெண் காலையிலிருந்து ஒரு வாய்ச் சோறு தின்னாமல் இதையே நினைத்துக்கொண்டு தைத்திருக்கிறாள். தான் சொன்ன இரண்டு வரி எந்த வீட்டுச் சமையல் வரைக்கும் போய் நிற்கிறது என்று ஷமீமாவுக்கு உறைத்தது.

அவள் ஹெட்போனை எடுத்துக் கோமளாவின் காதில் மாட்டினாள்.

"இப்ப நான் பேசறேன், கேளுங்க."

கருவியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தன் பெயர், ஊர், அத்தா பெயர் எல்லாம் சொன்னாள். கோமளா முழித்தாள். பிறகு ஷமீமா ஸ்கூட்டிச் சாவிக் கொத்தை எடுத்து லேசாகக் குலுக்கினாள். கோமளா துள்ளிவிட்டாள்.

"ஐயோ! கோயில் மணியாட்ட இருக்குதுங்க!"

"அவ்வளவுதான் இதுக்குத் தெரியும். காத்துச் சத்தம், சாவிச் சத்தம், துணி உரசற சத்தம். பேச்சு கேக்காதுங்க. நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது. மன்னிச்சுக்கங்க."

கோமளா ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள். கோபப்படப் போகிறாள் என்று ஷமீமா காத்திருந்தாள். கோபம் வந்தது, ஆனால் வேறு வழியாகப் போனது.

"மேடம், காத்து எங்க போகுதுன்னு இதுக்குத் தெரியுமுங்களா?"

"அதுக்குத்தானுங்க வந்ததே."

"அப்ப எங்க லைன் காத்து எங்க போகுதுன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். எட்டு மாதமாக மூன்றாம் லைனில் மட்டும் திடீர் திடீரென்று காற்று இறங்கும். ட்ரிம்மர் நூலை வெட்டாமல் மென்று துப்பும். பீஸ் எல்லாம் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வரும். பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிடும். மேனேஜர் வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். "மத்த லைன் பொம்பளைங்க தைக்கலையா? உங்களுக்கு மட்டும் காத்துக் கருப்பு அடிச்சிருச்சா?" என்று அவர் எல்லார் முன்னாலும் கேட்பார். சாயங்கால மீட்டிங்கில் மூன்றாம் லைன்காரிகள் மட்டும் நிற்க வேண்டும். போர்டில் அவர்கள் எண்ணைச் சுற்றி சிவப்பு வட்டம். நின்று நின்று வெறுத்துப்போய் இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

"கண்டுபுடிச்சிரலாமுங்க," என்றாள் ஷமீமா. "ஆனா மொதல்ல எல்லார்கிட்டயும் போய் உண்மையச் சொல்லிடறேன்."

கோமளா அவள் கையைப் பிடித்தாள். கண்ணில் இருந்த பயம் போன இடத்தில் ஒரு குறும்பு வந்து உட்கார்ந்திருந்தது.

"பொழுதோட வரைக்கும் பொறுங்க மேடம். இத்தன பேரு பயந்தாச்சு. பயப்பட வேண்டிய ஆளு இன்னும் பாக்கி இருக்கறாரு."

மூன்றாம் லைன் குழாயின் கடைசியில் கருவியைப் பிடித்ததும் ஷமீமாவின் காதில் மெல்லியதாக ஒரு இரைச்சல் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். குழாய், தூண், மூலை, கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். கோமளாவும் இன்னொருத்தியும் மூட்டைகளை நகர்த்தினார்கள். சுவரோரம் யாரோ குழாயில் கிளை பிரிக்கும் ஒரு டீ-ஜாயின்ட் போட்டு, சுண்டுவிரல் தடிமனில் ஒரு நீல ஹோஸை இழுத்து, காம்பவுண்டு சுவரில் ஓட்டை போட்டு வெளியே விட்டிருந்தார்கள். ஜாயின்டைச் சரியாக இறுக்காததால் அது 'ஸ்ஸ்ஸ்' என்று நாள் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக யாருக்கும் கேட்காத புலம்பல்.

"செவுத்துக்கு அக்கட்டால என்ன இருக்குதுங்க?"

கோமளாவுக்குப் பதில் சொல்ல ஒரு நிமிஷம் ஆனது. சிரிப்பு விடவில்லை.

"நல்லான் பஞ்சர் கடைங்க. பைக் வாட்டர் சர்வீஸும் இருக்குது. நல்லான் யாருங்கறீங்க? நம்ம மேனேஜர் சம்சாரத்தோட தம்பி."

ஷமீமா வெளியே வந்து ஸ்கூட்டியின் பின் சக்கரத்துக் காற்றைத் தானே பிடுங்கிவிட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனாள். நல்லான் முப்பது வயது, சிரித்த முகம், உடம்பெல்லாம் கிரீஸ். கடையில் டயர், டியூப், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. கம்ப்ரெஸர் மட்டும் ஓரத்தில் குப்புறக் கிடந்தது. அதன் மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

"காத்து அடிக்கணுமுங்களா? சித்தெ இருங்க, இந்த ரெண்டு பைக்கத் தொடச்சு விட்டர்றேன்."

கழுவி நிறுத்தியிருந்த பைக்குகள் மேல் ஏர் கன்னை எடுத்து அழுத்தினான். 'புஸ்ஸ்ஸ்' என்று காற்று சீறியது. ஸ்போக்கு ஸ்போக்காக, சங்கிலி சங்கிலியாக, கோயில் சிலைக்கு அபிஷேகம் முடித்துத் துடைப்பவன் மாதிரி பக்தியோடு ஊதினான்.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் சத்தத்தில் ஒரு பாகம் மட்டும் தடுமாறி, விக்கி, நின்றது. அடுத்த நொடி மயில்சாமியின் விசில். அதற்குப் பின்னால் அவர் குரல், கருவி எதுவும் தேவைப்படாமல் தெள்ளத் தெளிவாக: "மூணாவது லைன்! மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? வேலை செய்ய வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

நல்லான் தலையை ஆட்டினான்.

"எங்க மாமன் பாவமுங்க. சரியில்லாத ஆளுகளை வெச்சுக்கிட்டு தெனமும் இப்படித்தான் தொண்டையக் கிழிச்சுக்குவாரு."

சொல்லிவிட்டு அடுத்த பைக்கின் மேல் கன்னைத் திருப்பினான். அவன் முகத்தில் கள்ளத்தனமே இல்லை. தான் ஊதுவதற்கும் மாமன் கத்துவதற்கும் நடுவே ஒரு நீல ஹோஸ் போகிறது என்பது அவனுக்கு உண்மையிலேயே தோன்றியிருக்கவில்லை. ஷமீமாவுக்கு அவன் மேல் கோபம் கூட வரவில்லை.

நாலரை மணிக்கு அவள் மேனேஜர் கேபினுக்குள் போனாள். ஹெட்போன் காதில், கருவி கையில். மயில்சாமி காலையில் இருந்த ஆளாக இல்லை. ஊரெல்லாம் சுற்றிய பொய் அவரிடமும் வந்து சேர்ந்திருந்தது. கண்ணாடிக் கதவைத் தானே எழுந்து சாத்தினார்.

"உக்காரு கண்ணு. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க சார். பின்னாடி செவுத்துல ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. அதான் உங்ககிட்டச் சொல்லீட்டுப் போலாம்னு."

"என்ன... என்ன கேட்டுச்சு?"

ஷமீமா கருவியின் திருகை ஒரு தரம் திருப்பினாள். கூம்பை அவர் பக்கம் லேசாகச் சாய்த்தாள். அன்றைக்குச் சொன்ன இரண்டாவது பொய்யை மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

"எல்லாமுங்க."

மயில்சாமி நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒரு வாரத்துக்குன்னுதான் கேட்டான் அம்மிணி. கம்ப்ரெஸர் காயில் எரிஞ்சு போச்சு மாமா, ரிப்பேர் பண்ற வரைக்கும்னு. நான் முடியாதுன்னேன். எங்க ஊட்ல மூணு நாள் எங்கூடப் பேசல. நாலாம் நாள் வெறும் ரசம். நானும் மனுசந்தானே? அப்புறம் எடுறான்னா இன்னைக்கு நாளைக்குங்கறான். எட்டு மாசம் ஆயிப்போச்சு."

"மூணாவது லைனுக்குக் காத்து எறங்கறது அதனாலன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் பேனாக்களில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது. யோசிச்சா தெரிஞ்சிருக்கும். யோசிக்கல."

அது உண்மை என்று ஷமீமாவுக்குப் பட்டது. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"மொதலாளிகிட்ட நீங்களே சொல்லீருங்க சார். நான் ரிப்போர்ட்டுல லீக்குன்னு மட்டுந்தான் எழுதுவேன். ஆனா அந்த லைன் ஆளுகளுக்கும் நீங்கதான் சொல்லோணும்."

முதலாளி பாரூக் பாயிடம் அவர் சொல்லிவிட்டார். பாரூக் பாய் முதலில் கத்தினார். வெறும் ரசம் வரைக்கும் கேட்டதும் அடக்க முடியாமல் சிரித்தார்; அவரும் கல்யாணம் ஆனவர்தான். ஹோஸை அன்றே பிடுங்கச் சொன்னார். பிறகு ஷமீமாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் மெஷினு பேசறதெல்லாம் கேக்குதுன்னு ஆளுகெல்லாம் நம்பறாங்களாமே? இன்னிக்கு ஒரு நாள்ல புரொடக்ஷன் எப்படி ஏறியிருக்கு பாத்தியா? ஒருத்தரும் வாயைத் தொறக்கலையே. நீ ஒண்ணும் சொல்லிக்காத. அப்படியே இருக்கட்டும்."

ஷமீமாவுக்குக் குழாயடியில் 'டிங் டிங்' என்று இடித்த பாத்திரம் ஞாபகம் வந்தது.

"இல்லீங்க சார். நாளைக்குக் காலைல எல்லாருக்கும் காட்டீட்டுத்தான் போவேன். பயந்துட்டே தைச்சா தையல் நிக்காதுங்க."

பாரூக் பாய் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "உங்க அத்தாவும் இப்படித்தான் பேசுவாரா?" என்றார்.

"இதைவிட எச்சாப் பேசுவாருங்க."

செவ்வாய்க்கிழமை காலை டீ இடைவேளையில் அவள் ஹாலின் நடுவே ஒரு ஸ்டூலில் ஏறி நின்று உள்ளதைச் சொன்னாள். இந்தக் கருவிக்குப் பேச்சு கேட்காது, 'ஸ்', 'ஷ்' என்ற சீறல் மட்டும் லேசாக விழும், நேற்று தான் சொன்னது பொய். யாரும் நம்பவில்லை.

"கேக்கலேன்னு எப்படித் தெரியும்?" என்றார் இசக்கிமுத்து.

"நீங்களே பேசிப் பாருங்க. நான் ஹெட்போன் போட்டுக்கறேன். கேட்டாச் சொல்றேன்."

இசக்கிமுத்து முன்னால் வந்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேபின் வாசலில் நின்றிருந்த மயில்சாமியை ஒரு தடவை பார்த்தார். பிறகு கூம்புக்கு நேரே வாயைக் கொண்டுபோய், ஹால் அதிர, மேனேஜரைப் பற்றி இருபது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சங்கரன்கோவில் தமிழில் முழுசாகச் சொன்னார். நல்ல நீளம்.

ஷமீமா உதட்டைப் பிதுக்கினாள். "ஒண்ணும் கேக்கலீங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

ஹாலில் ஒரு சலசலப்பு. அடுத்த நிமிஷம் கருவிக்கு முன்னால் வரிசை நின்றுவிட்டது. பிரதீப் மேனேஜர் குரலிலேயே மேனேஜரைத் திட்டினான். செல்லாத்தாள் ஒரு பழமொழி சொன்னாள். கேட்ட பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பீகார்க்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே குரலில் என்னவோ பாடினார்கள். ஒவ்வொருவர் முடித்ததும் ஷமீமா முகம் மாறாமல் "கேக்கலீங்க, அடுத்தவங்க வாங்க" என்றாள். கருவிக்குக் கேட்கவில்லைதான். பத்தடி தள்ளி நின்ற மயில்சாமிக்கு எல்லாம் கேட்டது. பரிசோதனை என்று சொல்லிவிட்ட பிறகு அவர் யாரைப் பார்த்து விசில் அடிப்பார்?

வரிசை முடிந்தபோது அவரே நடந்து வந்தார். கூம்பின் முன் நின்று, தலையைக் குனிந்து, உதட்டை அசைத்தார். ஷமீமாவின் ஹெட்போனில் நீண்ட அமைதி. நடுவில் ஒரே ஒரு 'ஸ்'. அவள் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினாள். அதற்குள் அவர் பேசி முடித்திருந்தார்.

"என்னங்க சொன்னாரு?" என்று பக்கத்தில் நின்ற கோமளாவிடம் கேட்டாள்.

"ஸாரின்னாருங்க. மூணாவது லைன் மேல தப்பில்ல, தப்பு என்னோடதுன்னாரு."

மூன்றாம் லைன் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. கோமளாவாகத்தான் இருக்கும். கையைக் காதோரம் குவித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, முப்பது பேரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்:

"ஏனுங் சார், மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க! இன்னொருக்காச் சொல்லுங்க!"

அப்போது எந்த மெஷினும் ஓடவில்லை. மயில்சாமிக்கும் அது தெரியும். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடை வரைக்கும் கேட்கும்படியாக, இன்னொரு தடவை சொன்னார்.